சாலையோரம் வெட்டாமல் விட்ட புல்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே அப்பா, அம்மா, நான், கொட்டிலில் இருக்கிற இரண்டு மாடுகள், எல்லாரும் சுகம். அங்கே நீயும் அண்ணியும், இப்போதே உள்ளே இருந்துகொண்டு உதைக்கிறதாமே அந்தக் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்ற நினைப்போடுதான் இந்த வீட்டில் தினமும் பொழுது விடிகிறது. உறையின் மேல் அப்பா கையெழுத்துக்குப் பதிலாக என் கையெழுத்தைப் பார்த்ததும் உனக்கு நெஞ்சு திக்கென்று இருந்திருக்கும். பயப்படாதே. அப்பாவின் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டிருக்கிறது, வேறொன்றும் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகக் கோபப்படுகிறார். அதனால் இந்தக் கடிதம் அப்பாவுடையது, கை மட்டும் என்னுடையது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன், அவர் சொல்வதில் பாதியை அம்மா அடுப்படியிலிருந்தே திருத்துகிறாள், கடைசியில் பார்த்தால் நானே எழுதின மாதிரிதான் வருகிறது. அப்படி வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், நடந்தது ஒன்று விடாமல் இருந்தால் சரி என்கிறார். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். அப்பா போனை எடுத்தால் உன் ஊர் எவ்வளவு தூரமோ அவ்வளவு சத்தமாகப் பேசுவார் என்று உனக்குத் தெரியும், இது கத்திச் சொல்கிற விஷயம் இல்லை.

முதலில் அம்மா சொல்லச் சொன்னதை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கரண்டியோடு வந்து நிற்பாள். அண்ணி மாடிப்படி ஏறக்கூடாது, லிப்ட் மெக்கானிக் வீட்டிலேயே லிப்ட் கெட்டுப்போய்க் கிடந்தால் அதைவிட வெட்கம் இல்லை, உன் கட்டடத்து லிப்ட்டை முதலில் சரிசெய். லிப்ட் குழிக்குள் இறங்கும்போது சட்டைப்பையில் போன் வைக்காதே, அது மணி அடித்தால் கை தானாக அங்கே போகும். மத்தியானச் சாப்பாட்டை மூன்று மணிக்குத் தள்ளிப்போடாதே. அம்மா வேலை பார்க்கிற பால் சங்கத்து அறையில் புதிதாக ஒரு சோதனைக் கருவி வந்திருக்கிறது, பாலில் தண்ணீர் இருந்தால் கீச்சென்று கத்துகிறது, அதனால் அம்மாவுக்குத் தினமும் இரண்டு பேரோடாவது சண்டை. பெரிய மாடு நன்றாகக் கறக்கிறது. சின்னது உன்னைப் போலவே, வேளைக்குச் சாப்பிடுவதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை நீ பேசினபோது, சீப்புக்கோழிக்காகத் தான் புல் வெட்டிக் கொடுக்கிற பால் சங்கத்தோடேயே அப்பா மல்லுக்கு நிற்கிறார் என்று அம்மா சொல்ல, நீ அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி ஒன்று சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா. அந்தப் பறவைச் சத்தம் இப்ப போன்லயே கிடைக்குதுப்பா, பாப்பா பிறந்ததும் போட்டுக் காட்டிக்கிறேன், அதுக்காக இருக்கிற வேலையைக் கெடுத்துக்காதீங்க என்றாய். அப்பா சரிடா என்று சொல்லிவிட்டு போனை அம்மா கையில் கொடுத்துவிட்டார். நீ அவர் கேட்டுக்கொண்டதாக நினைத்திருப்பாய். நீ வைத்த பிறகு என்னைக் கூப்பிட்டு, அவன் சொன்ன சத்தத்தைத் தேடி எடு என்றார். எடுத்துக் கொடுத்தேன். அதே கர்ரக் கர்ரக்தான், சீப்பின் பல்லை நகத்தால் இழுத்த மாதிரி, அச்சு மாறவில்லை. காதோடு வைத்து முழுவதும் கேட்டார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இது யாரையும் கூப்பிடல. பதிலுக்கு ஒண்ணும் கத்தலையே" என்றார். 

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதச் சொல்கிறார். உனக்கு முழுக்கதையும் தெரியாது, அரைகுறையாக போனில் கேட்டதை வைத்துப் பேசினாய், அதனால் இப்போது முதலிலிருந்து சொல்லச் சொல்கிறார். புல் முழங்கால் உயரம் வந்த சமயம் பறவைகளைக் கணக்கெடுக்கிற அக்கா ஒருத்தி வந்தாள், சங்கத்துக்குப் பின்னால் இருக்கிற அறையில்தான் தங்கினாள். சாயங்காலம் சங்கத்துப் பெரிய புல்வெளியின் ஓரமாக நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள், மறுநாள் வேறொரு மூலையில் நிற்பாள். எதைக் கேட்கிறாள் என்று அம்மா விசாரித்தால், நம் சீப்புக்கோழியை. அவள் புத்தகத்தில் அதற்கு வேறே ஏதோ பெயர், ஆனால் நாம் சொல்கிற பெயர்தான் நன்றாக இருக்கிறது என்று அவளும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். நீ பரீட்சைக்குப் படிக்கிற காலத்தில் ஜன்னலைத் திறந்து கொஞ்சம் வாயை மூடுங்கடா என்று வெளியே கத்துவாய், அவ்வளவு சத்தம் போடும். இப்போது ஓடைப் பக்கம் ஒன்றிரண்டு, நடுவில் ஒன்றிரண்டு, எண்ணுவதற்கு ஒரு கை போதும். இங்கே மட்டும் இல்லையாம், புல் வெட்டுகிற எல்லா இடத்திலும் இதே கதைதானாம், சில ஊர்களில் சுத்தமாகவே இல்லையாம்.

ஏன் இப்படி ஆயிற்று என்று அவள் சொன்னதுதான் அப்பாவுக்கு உறைத்தது. நாம் எப்போதும் புல் வெட்டுவது எப்படி, வெளிவரப்பில் ஆரம்பித்து சுற்றிச் சுற்றி உள்ளே போவோம், கடைசியில் நடுவில் ஒரு பட்டை மிஞ்சும், அதையும் ஒரு இழுப்பில் முடித்துவிட்டு ட்ராக்டரை நிறுத்தினால் வேலை தீர்ந்தது. அப்பாவின் சுற்றைப் பார்த்து ரங்கோலிக்காரர் கூடத் தோற்கணும் என்று சங்கத்துத் தலைவர் ஒரு வருஷம் புகழ்ந்ததை அப்பா இன்னும் மறக்கவில்லை. ஆனால் சீப்புக்கோழி புல்லுக்குள்ளேயே தரையில் முட்டை வைக்கிறது, குஞ்சுகள் கறுப்பாகக் கோலிக்குண்டு மாதிரி இருக்கும், பறக்கத் தெரியாது, மறைவில்லாத வெட்டவெளியைத் தாண்டி ஓடவும் பயம். சுற்று குறையக் குறைய அவை உள்ளே உள்ளே ஒதுங்கி, கடைசியில் எல்லாம் அந்த நடுப்பட்டைக்குள் வந்து சேர்ந்துவிடும். அங்கே என்ன நடக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைசிப் பட்டைக்கு மட்டும் எங்கிருந்தோ நாய்கள் வந்து நிற்குமே, ஏன் என்று நாம் யாருமே யோசித்ததில்லை. பெரிய பறவைகள் எழும்பிப் பறப்பதைப் பார்த்துவிட்டு எல்லாம் தப்பித்துப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டோம். அம்மாதான் சட்டென்று சொன்னாள், அப்ப நீங்க புல்லு வெட்டல, வருஷா வருஷம் வலை போட்டு இழுத்திருக்கீங்க என்று. அப்பா கையிலிருந்த டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டார்.

வழி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நடுவில் ஆரம்பித்து வெளியே வரப்பை நோக்கிச் சுற்றிக்கொண்டே வந்தால் குஞ்சுகள் வெளிப்பக்கமாக ஒதுங்கி ஓடைக்கரை நாணலுக்குள் போய்விடும் என்றாள் அந்த அக்கா. அப்பா முதலில் அவளோடு வாதம் பண்ணினார். நடுவுக்குப் போகவே நின்ற புல்லை மிதித்துக்கொண்டு போகணும், மிதித்த புல் கத்தியில் சிக்காது, நேரம் கூடும், டீசல் கூடும் என்று அடுக்கினார். அவள் ஆமாம் என்றாள், எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றே சொன்னாள். அப்படி ஒத்துக்கொள்கிற ஆளோடு அப்பாவுக்குச் சண்டை போட வராது. ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே திடீரென்று, அந்தக் குஞ்சு என்ன வேகத்துல ஓடும், ட்ராக்டரை எந்த கியர்ல வெச்சா அதுக்கு நேரம் கிடைக்கும் என்று கேட்டார். அப்போதே எனக்கும் அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது, இனி இவரைத் திருப்ப முடியாது.

சங்கத்துச் செயலாளரிடம் போய்ச் சொன்னார். செயலாளர் கெட்ட மனிதர் இல்லை, அதையும் எழுதச் சொல்கிறார் அப்பா. மழைக்கு முன்னால் புல் காய்ந்து கட்டாகிக் கொட்டகைக்குள் போகாவிட்டால் அத்தனை வீட்டு மாடும் பட்டினி, பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆனால் சொன்ன விதம் இருக்கிறதே. நடுவுல இருந்து ஆரம்பிக்கிறதா, எந்த முடிவெட்டுறவனாவது உச்சந்தலைல இருந்து ஆரம்பிப்பானா டிரைவரே என்று எல்லார் முன்னாலும் கேட்டு சிரிக்க வைத்துவிட்டார். எப்பவும் போல வெட்டுறதுன்னா வெட்டுங்க, இல்லேன்னா பெரிய மெஷின் வெச்சிருக்கிற கான்ட்ராக்டர் தயாரா இருக்கார், அவர் ஒரே நாள்ல வழிச்சு எடுத்துடுவார் என்றும் சொன்னார். நீ போனில் பேசினது அதற்கு அடுத்த நாள். நீ பேசின மறுநாள் அப்பா திரும்பவும் போனார், திரும்பவும் அதே பதில்தான். வந்த கோபத்தில் ட்ராக்டரிலிருந்து இறங்கும்போது படியைப் பார்க்காமல் காலை வைத்து, கையை ஊன்றி விழுந்தார். கால் சறுக்கினது என்று டாக்டரிடம் சொன்னோம். அம்மா மட்டும், கால் இல்ல டாக்டர், கோபம் சறுக்கிடுச்சு என்றாள்.

கை உடைந்ததோடு இந்த விவகாரமும் முடிந்தது என்று சங்கத்தில் எல்லாரும் நினைத்தார்கள். கான்ட்ராக்டருக்கு ஆள் அனுப்பப் போவதாகப் பேச்சு வந்தது. அப்போதுதான் அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்காமல் பாத்திரத்தைப் பார்த்தேன். அண்ணா, உனக்கு என்னைத் தெரியும். பஸ்ஸில் அடுத்த ஸ்டாப்பில் இறங்கணும் என்று கண்டக்டரிடம் சொல்ல வாய் வராமல் கடைசி ஸ்டாப் வரை போய் நடந்து வந்தவள் நான். வகுப்பில் எழுந்து பதில் சொல்லச் சொன்னால் தெரிந்த பதிலும் தொண்டையிலேயே நின்றுவிடும், அதனால்தான் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று நின்றேன், அதற்கு நீ திட்டாத திட்டு இல்லை. ஆனால் ட்ராக்டரிடம் பேச வேண்டியதில்லை. முற்றத்தில் உன் மடியில் உட்கார வைத்து ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தாயே, அதற்கப்புறம் ஓடைப்பக்கத்து நம் துண்டு நிலத்துப் புல்லை இரண்டு வருஷமாக நான்தான் வெட்டுகிறேன், உனக்குச் சொல்லவில்லை, நீ வேண்டாம் என்பாய் என்று. சரி என்று மட்டும் சொன்னேன். அப்பாவும் சரி என்றார். எங்கள் பேச்சு அவ்வளவுதான், அம்மாவுக்குத்தான் அதில் திருப்தி இல்லை, இரண்டு பேரும் தந்தி அடிக்கிற மாதிரி பேசுறீங்களே என்று சத்தம் போட்டாள்.

சங்கத்தில் யாரிடமும் கேட்காமல் காலையில் பனி காய்ந்ததும் போய்விட்டோம், அந்த அக்காவும் வந்தாள். அப்பா மாவுக்கட்டைத் துண்டால் கழுத்தில் கட்டிக்கொண்டு வரப்பில் நின்றார், நல்ல கையால் சைகை காட்ட. மேல்பாதிப் புல்வெளியில், நின்ற புல்லுக்குள் நான் ஒரே நேர்கோடாக நடுவுக்குப் போய், புல்வெட்டியைத் தாழ்த்தி, சின்ன வட்டமாக ஆரம்பித்தேன். மெதுவான கியர், நடைவேகம்தான். புல்வெளி சாலையைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருக்கிறதல்லவா, அதனால் சாலையில் போகிறவர்களுக்கு மேலேயிருந்து எல்லாம் தெரிகிறது. கொஞ்ச நேரத்தில் சுற்றிலும் உயரமான புல், நடுவில் மட்டும் வட்டமாக வழவழவென்று வெறுமை. பால் வண்டிக்காரர்தான் முதலில் நிறுத்திப் பார்த்துவிட்டு, அடடா, நம்ம செயலாளர் தலையை அப்படியே வெட்டி வெச்சிருக்காளே என்றாராம். உச்சந்தலையிலிருந்து ஆரம்பிப்பானா என்று கேட்டவரும் அந்தச் செயலாளர்தானே. அது காட்டுத்தீ மாதிரி பரவி, எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு இந்தக் கதை அப்புறம்தான் தெரியும், என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக் காதெல்லாம் சூடாகி ஸ்டியரிங்கைத் தவிர வேறெதையும் பார்க்காமல் ஓட்டினேன். செயலாளர் வந்தார், கையை ஆட்டி ஏதோ சொன்னார், இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது நல்லதாகப் போயிற்று. அன்றிலிருந்து அவர் வெயிலோ நிழலோ தலையில் ஒரு தொப்பி இல்லாமல் வெளியே வருவதில்லை.

இனிமேல் எழுதப்போவதுதான் முக்கியம், இதை மறைக்காதே என்கிறார் அப்பா. நாங்கள் செய்ததில் பாதி தப்பு. அப்பா சொல்லிக்கொடுத்த அழகுச் சுற்று என் கையிலும் ஊறிப்போயிருந்தது, நான் அதையே உள்ளிருந்து வெளியே என்று திருப்பிப் போட்டு நாலு பக்கமும் ஒரே அளவாக, கோடு பிசகாமல் வெட்டிக்கொண்டே வந்தேன். நாலு பக்கமும் ஒரே அளவாக வெட்டினால் குஞ்சுகளும் நாலு பக்கமும்தான் ஒதுங்கும். ஒரு பக்கம் ஓடையும் நாணலும், சரி. எதிர்ப்பக்கம் சாலை. இது எனக்கும் தோன்றவில்லை, அப்பாவுக்கும் தோன்றவில்லை, அந்த அக்கா பார்த்த புல்வெளிகளெல்லாம் எல்லாப் பக்கமும் புதர் இருந்தவையாம், அவளுக்கும் தோன்றவில்லை. அம்மா பால் அளந்துகொண்டிருந்தவள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள், சாலையோரத்து மழைநீர்ப் பள்ளத்தில் கறுப்பாகக் குட்டிக் குட்டியாக ஏதோ உருளுகிறது, தாய்க்கோழி கழுத்தை நீட்டிக்கொண்டு புல்லின் விளிம்பில் நிற்கிறது, எதிரே டீக்கடை நாய். அம்மா கையிலிருந்த பால் குவளையோடு ஓடினாள். அவள் போவதற்குள் நாய் ஒன்றைக் கவ்விவிட்டது. மற்றவை சாலையில் ஏறிவிட்டன. அதே சமயம் பால் வண்டி திரும்பி வந்தது, அம்மா நடுச்சாலையில் குவளையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி நின்றது. வண்டிக்குள் பால் கேன்களுக்கு நடுவில் தொப்பியோடு செயலாளர்.

அப்பா இரண்டு கையையும் ஆட்டினார், உடைந்த கையையும் சேர்த்து. நான் இன்ஜினை நிறுத்தினேன். நிறுத்தினதும் தாய்க்கோழியின் சத்தம் கேட்டது, ஆண் கத்துகிற சீப்புச் சத்தம் இல்லை, தொண்டைக்குள்ளே முணுமுணுக்கிற மாதிரி ஒன்று. குஞ்சுகள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் இறங்கி, மேலே ஏற முடியாமல் வழுக்கி, திரும்ப ஏறி, வெட்டாமல் மிச்சமிருந்த சாலையோரப் புல்லுக்குள் போயின. பால் வண்டிக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங் மேல் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார், செயலாளரும் இறங்கி நின்று பார்த்தார்.  நாய் கவ்வினதை அம்மா பிடுங்கி வாங்கி உள்ளங்கையில் வைத்திருந்தாள், அது அசையவில்லை. அந்த அக்கா குனிந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணா, இதுவரை நான் கடைசிப் பட்டையை வரப்பிலிருந்து பார்த்திருக்கிறேன், அதில் மாட்டினதை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. தீக்குச்சி மாதிரி இரண்டு கால்.

செயலாளர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, சரி, பாவம்தான், ஆனா சாலையோரத்தையும் முடிச்சாத்தானே கணக்கு தீரும், சீக்கிரம் ஆகட்டும் என்றார். அப்பா பேசுவார் என்று நான் நினைத்தேன், அப்பா அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜின் ஓடவில்லை, ஒளிந்துகொள்ள ஒரு சத்தமும் இல்லை. ட்ராக்டர் மேலேயே எழுந்து நின்றேன். "ஐயா, இந்தப் பட்டையை நான் வெட்ட மாட்டேன். வேற யாரு வந்து வெட்டினாலும் முன்னாடி வந்து நிப்பேன்" என்று சொன்னேன். அது என் குரல் மாதிரியே இல்லை. அம்மா இதைப் பால் ஊற்ற வருகிற எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி இப்போது அதில் நான் சொல்லாத நாலு வசனம் சேர்ந்துவிட்டது, உனக்கு யாராவது சொன்னால் நம்பாதே, நான் சொன்னது இவ்வளவுதான்.

செயலாளர் கோபப்படவில்லை. நிஜமாகவே கேட்டார், இந்தப் பட்டை புல்லு கொட்டகைக்கு வரலைன்னா நாளைக்கு மாடு வந்து கேக்கும், நீ போய்ப் பதில் சொல்றியா பாப்பா என்று. நியாயமான கேள்விதான்.  அப்போது அப்பா சொன்னார், ஓடைப்பக்கத்து எங்கள் துண்டுநிலத்துப் புல் இந்தப் பட்டைக்குச் சமமாக வரும், அதைச் சங்கத்துக் கொட்டகையில் போட்டுவிடுகிறேன், இந்தப் பட்டை நிற்கட்டும் என்று. நம் மாடு என்ன தின்னும் என்று அம்மா கேட்பாள் என்று பார்த்தேன். அம்மா, நம்ம மாட்டுக்கு வரப்புப் புல்லை நான் அறுத்துப் போட்டுக்கிறேன், கொஞ்சம் இளைச்சா ஒண்ணும் அசிங்கமில்ல, நம்ம வீட்டுல யாரு பயில்வான் என்று சொல்லிவிட்டு, அந்தக் குஞ்சை முந்தானையில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே சங்கத்தில் கூடிப் பேசினார்கள். நான் போகவில்லை, வாசலுக்கு வெளியே சைக்கிளைத் துடைக்கிற மாதிரி நின்று கேட்டேன். ஒரு கோழிக்காக இவ்வளவா, அது என்ன பால் கறக்குதா என்று ஒருவர் கேட்டார். உங்க மூத்த பையன் கூடத்தான் இதுவரைக்கும் ஒரு வேலையும் செய்யல, அவனை வெட்டாம விடலையா என்று பால் வண்டிக்காரர் கேட்டார், அவர் நம் பக்கம் பேசுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அப்பா எழுந்தார். நமக்குத் தெரியாம இருந்தப்போ நடந்தது வேற, தெரிஞ்சப்புறம் நம்ம காலத்தோட இது முடிஞ்சா, வரப்போற பிள்ளைங்க என்ன ஆச்சுன்னு கேட்டா தெரியலைன்னு சொல்ல முடியாதே என்றார். அதற்குப் பிறகு செயலாளர் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார், யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் இன்னும் வெட்டாத கீழ்ப்பாதிப் புல்வெளியை எங்கள் முறையிலேயே வெட்டலாம் என்று விட்டார்கள், மழைக்கு முன்னால் முடிய வேண்டும் என்ற நிபந்தனையோடு. இந்தத் தடவை நடுவிலும் ஆரம்பிக்கவில்லை. சாலைப்பக்கம் ஒரு பட்டையை முழுசாக விட்டுவிட்டு, அதை ஒட்டி ஆரம்பித்து, குறுக்கும் நெடுக்குமாகப் போய்வந்து, ஓடையைப் பார்க்கத் தள்ளிக்கொண்டே போனோம். பார்க்க அசிங்கமாக இருந்தது, அப்பாவின் ரங்கோலி எங்கே போயிற்றோ. ஆனால் கடைசி இழுப்புக்கு முன்னால் அந்த அக்கா நாணலோரம் படுத்துக்கொண்டு பார்த்துவிட்டு எழுந்து கையைத் தலைக்கு மேல் வைத்துக் குதித்தாள். இரண்டு தாய், பின்னால் குஞ்சுகள், நாணலுக்குள் போய்விட்டன. புல் காய்ந்து கட்டாகிக் கொட்டகைக்குள் போன மறுநாள் மழை பிடித்துக்கொண்டது.

இதோடு முடிந்துவிட்டது என்று நினைக்காதே. அடுத்த வருஷத்துக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. கொட்டகையில் புல் குறைந்தால் கான்ட்ராக்டர்தான் என்று செயலாளர் நேராகவே சொல்லிவிட்டார், கான்ட்ராக்டரும் வந்து சும்மா பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அதனால் அப்பாவுக்கு உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது, இந்தக் கடிதமே அதற்காகத்தான். ட்ராக்டருக்கு முன்னால், கத்திக்குப் பக்கவாட்டில் நீண்டு நிற்கிற மாதிரி ஒரு இரும்புக் கம்பி, அதில் சங்கிலிகள் தொங்க வேண்டும், கத்தி வருவதற்கு முன்னால் சங்கிலி புல்லைத் தட்டிக்கொண்டே போனால் குஞ்சுகளுக்கு முன்கூட்டியே தெரிந்து ஓடிவிடும், வேறு ஊர்களில் இப்படிச் செய்கிறார்களாம், அந்த அக்கா படம் காட்டினாள். ஆனால் அதில் இருப்பது வேறு மாதிரி ட்ராக்டர். வரப்பு வந்தால் மடக்க வேண்டும், சாலையில் ஓட்டும்போது தூக்கி மாட்ட வேண்டும். லிப்ட்டில் கதவு, எடை, கம்பி என்று தினமும் அதோடுதான் புழங்குகிறாய், நீ ஒரு படம் வரைந்து அனுப்பு, இங்கே வெல்டிங் கடைக்காரரிடம் கொடுத்துச் செய்துகொள்கிறோம். அளவெல்லாம் நான் எடுத்து வைத்திருக்கிறேன், தனித்தாளில் இருக்கிறது. அது இருந்தால் வேகத்தையும் கொஞ்சம் கூட்டலாம், டீசல் கணக்கு கேட்கிறவர்களுக்கும் பதில் சொல்லலாம். இந்தக் கடிதம் கிடைத்ததும் தள்ளிப்போடாமல் செய், வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே என்று எனக்குச் சொன்னவன் நீ, இப்போது நான் உனக்கு வேலை தருகிறேன் என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்கிறார். சிரிப்பதாக எழுது என்றும் சொல்கிறார், கோபமாகச் சொன்னதாக நீ நினைத்துக்கொள்ளக் கூடாதாம்.

இன்னொன்று. அலமாரியைத் துடைக்கும்போது உன் பழைய சீப்பு கிடைத்தது, பாதிப் பல் போன அந்தக் கறுப்புச் சீப்பு, படிக்காமல் ஜன்னலில் உட்கார்ந்து அதைக் கர்ரக் கர்ரக் என்று இழுத்துப் பறவைகளைக் கிளப்பிவிட்டு அப்பாவிடம் அடி வாங்குவாயே, அதேதான். நேற்று மழை விட்டதும் அப்பா அதை எடுத்துக்கொண்டு சாலையோரத்து வெட்டாத பட்டைக்குப் போய் நின்றார், நானும் போனேன். இடது கையால் சீப்பைப் பிடித்துக்கொண்டு மாவுக்கட்டின் விளிம்பில் இழுத்தார். சத்தமே வரவில்லை. நீ இழு என்று என்னிடம் கொடுத்தார். இழுத்தேன், நின்றோம். திரும்ப இழுத்தேன். புல்லுக்குள்ளிருந்து பதில் வந்தது, ரொம்பப் பக்கத்தில், காலடியில் இருக்கிற மாதிரி. அப்பா என் தலையில் ஒரு தட்டு தட்டினார்.

அந்தச் சீப்பை இந்த உறையில் வைத்திருக்கிறேன். குட்டி பிறந்ததும் காதுப்பக்கத்தில் மெல்ல இழுத்துக் காட்டு, போனில் போட்டுக் காட்ட வேண்டாம். ஆனால் சீப்புச் சத்தம் மட்டுமே அதற்குத் தெரிந்த சத்தமாக ஆகிவிடக் கூடாது. நடக்கிற வயசில் இங்கே கூட்டிக்கொண்டு வா, புல் முழங்காலுக்கு வந்திருக்கும்போது வா, வரும்போது சாலையில் ஹாரன் அடிக்காதே. உன் பிள்ளை அந்தப் பட்டைக்கு முன்னால் நின்று சீப்பை இழுக்கும்போது உள்ளேயிருந்து பதில் வர வேண்டும், அதற்கு என்ன செய்யணுமோ அதையெல்லாம் செய்வோம் என்கிறார் அப்பா. நானும் செய்வேன்.

உனக்கும் அண்ணிக்கும் பெரியவர்கள் இருவரின் ஆசீர்வாதமும் நிறைய உண்டு, சுகமாகப் பிரசவம் ஆகி நல்ல சேதி வரட்டும், எங்கள் ஆயுசும் அந்தக் குட்டிக்குச் சேரட்டும். மூன்று மணி வரை பட்டினி கிடக்காதே என்று அம்மா திரும்பவும் சொல்லச் சொல்கிறாள். கம்பி, சங்கிலி, படம், மறக்காதே. கீழே இருக்கிற கையெழுத்து அப்பா இடது கையால் போட்டது, ஈரமண்ணில் சீப்புக்கோழி நடந்துபோன தடம் மாதிரி இருக்கிறது என்று அம்மா கேலி செய்கிறாள், அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

இப்படிக்கு,
உன் அப்பா

எழுதியது, இந்த வருஷம் புல் வெட்டின உன் தங்கை